பச்சை விழுந்த பின் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவது எப்படி என்று தங்கள் நாளிதழின் பெங்களூரு பதிப்பில் அண்மையில் வெளியான குறிப்புகளை வாசித்தேன். சிக்னலில் எஞ்சினை அணைத்துவிடுங்கள், ஆக்சிலரேட்டரை மென்மையாக மிதியுங்கள், 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லுங்கள், டயரில் காற்றைச் சரிபாருங்கள், தேவையற்ற சுமையை ஏற்றாதீர்கள், இறக்கத்தில் நியூட்ரலில் விடுங்கள் என்பவை அவற்றின் சாரம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட ஊரில் இத்தகைய குறிப்புகளை வெட்டி எடுத்து வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கடைசிக் குறிப்பு இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. முதல் இரண்டும் காலியான சாலையில் தனியே போகும் வண்டியை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை; பெங்களூரிலோ எந்த வண்டியும் தனியே போவதில்லை. முன்னால் நிற்பவர் மிச்சம் பிடிக்கும் இரண்டு மில்லிக்காகப் பின்னால் நிற்பவர்கள் ஐம்பது மில்லியைக் கரைக்க வேண்டியிருந்தால், ஊருக்கு அது நஷ்டக் கணக்குதான்.

அல்சூரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திவருபவன் என்ற முறையில், இந்த அறிவுரைகள் மக்களின் கைகால்களில் எப்படிப் பழக்கமாக இறங்கியிருக்கின்றன என்பதை இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து நாள்தோறும் பார்க்கிறேன். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வேலைக்காக இங்கே வந்து, புதிதாகக் கார் வாங்கி, "ஓட்டத் தெரியும் சார், இந்த ஊர் டிராஃபிக்தான் பயம்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் எங்களிடம் அதிகம். சிக்னலில் பச்சை விழுந்ததும் அவர்கள் செய்வதைக் கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். முதலில் ஹேண்ட்பிரேக்கை இறக்குவார்கள். பிறகு குனிந்து கியரைப் பார்ப்பார்கள். கிளட்சை முழுவதும் மிதித்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் வைத்தபடி, ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்ட நிலையிலேயே, பத்தடி நகர்த்துவார்கள். அதற்குள் இரு பக்கமும் நின்ற பைக்குகள் சந்திப்பைத் தாண்டி மறுகரைக்குப் போயிருக்கும். ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்டால், "மெதுவா எடுத்தாதான் மைலேஜ் வரும்னு அப்பா சொல்லிக்கொடுத்தார் சார்" என்ற பதில் வரும். அந்த அப்பா ஓட்டியது முன்னும் பின்னும் அரைக் கிலோமீட்டருக்கு வண்டியே இல்லாத ஊர்ச் சாலையில்; அங்கே அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

இதன் விலை என்ன என்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிக்னலில் வரிசையாக நிற்கும் கார்கள் பச்சை விழுந்ததும் எவ்வளவு இடைவெளியில் ஸ்டாப் லைனைக் கடக்கின்றன என்பதை அமெரிக்கப் பொறியாளர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸும் அவருடைய குழுவினரும் அளந்து 1947-இல் வெளியிட்டனர். முதல் கார் கடக்க ஏறத்தாழ நான்கு வினாடி ஆகிறது. அடுத்தடுத்த கார்களுக்கு அது குறைந்துகொண்டே வந்து, ஐந்தாறு கார்களுக்குப் பிறகு காருக்கு இரண்டு வினாடி என்ற அளவில் நிலைத்துவிடுகிறது. காரும் பைக்கும் ஆட்டோவும் கலந்து நிற்கும் நம் ஊரில் இந்த எண்கள் அப்படியே பொருந்தாவிட்டாலும், வரிசையின் தலையில் நிற்பவர்தான் மற்ற எல்லாருடைய நேரத்தையும் தீர்மானிக்கிறார் என்ற உண்மை மாறுவதில்லை. பச்சை 40 வினாடி எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கார் வழக்கமான நேரத்தைவிட நான்கு வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், அந்தத் தடத்தில் இரண்டு கார்கள் கடக்க முடியாமல் நின்றுவிடும். அவை அடுத்த பச்சைக்காக இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு சிறிய பெட்ரோல் காரின் எஞ்சின் நின்ற இடத்தில் சும்மா ஓடினால் நிமிடத்துக்குப் பத்து மில்லி அளவுக்குப் பெட்ரோல் குடிக்கும். ஆக, அந்த இரண்டு கார்களும் சேர்ந்து நாற்பது முதல் அறுபது மில்லி வரை வீணாக்குகின்றன. முன்னால் நின்றவர் மிச்சம் பிடித்தது எவ்வளவு? ஒரு டன் எடையுள்ள காரை நின்ற நிலையிலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரத் தேவைப்படும் பெட்ரோலே மொத்தம் எட்டு, பத்து மில்லிதான். அதில் மென்மையாக எடுத்ததால் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ மில்லி.

விஷயம் அந்த இரண்டு கார்களோடு முடிந்துவிடுவதும் இல்லை. நெரிசல் நேரத்தில் வரிசை எந்தப் பச்சையிலும் முழுவதும் தீர்வதில்லை. ஆகவே நின்றுபோன அந்த இரண்டு கார்களும் அடுத்த சுற்றில் வேறு இரண்டு கார்களின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன, அவை அதற்கடுத்த சுற்றில் இன்னும் இரண்டின் இடத்தை. காலை ஒன்பது மணிக்கு யாரோ ஒருவர் வாங்கிய நான்கு வினாடிக் கடன் பதினொரு மணிக்கு வரிசை தீரும் வரை கைமாறிக்கொண்டே போகிறது. வட்டியை ஊர் முழுவதும் கட்டுகிறது.

அப்படியானால் சிக்கனத்தை விட்டுவிட்டுச் சீறிக்கொண்டு கிளம்ப வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். அதுவும் தேவையில்லை. சுறுசுறுப்பாக எடுப்பது பெட்ரோலை வீணடிக்கும் என்ற எண்ணமே பாதிதான் உண்மை. பெட்ரோல் எஞ்சின் மிகக் குறைந்த சுமையில், அதாவது ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும், ஓடும்போதுதான் தான் குடிக்கும் பெட்ரோலில் மிகக் குறைந்த பங்கை உழைப்பாக மாற்றுகிறது. அதிக வேகத்தில் சுழலாமல், நல்ல சுமையோடு ஓடும்போது அதன் திறன் கூடுகிறது. ஆகையால் ஆக்சிலரேட்டரைத் தயங்காமல் பாதிக்கு மேல் மிதித்து, எஞ்சின் கத்தத் தொடங்கும் முன்பே செகண்டுக்கும் தேர்டுக்கும் மாற்றிவிடுவது, ஃபர்ஸ்ட் கியரிலேயே நூறடி ஊர்ந்து செல்வதைவிடச் சிக்கனமானது. ஹாஃப் கிளட்சில் நகர்த்தும் வண்டியில் பெட்ரோலின் ஒரு பகுதி கிளட்ச் பிளேட்டைச் சூடாக்குவதில் போய்விடுகிறது. மெதுவாக எடுத்து மிச்சம் பிடித்ததாக நினைப்பவர் பிறகு ஒரு நாள் கிளட்ச் பிளேட் மாற்றும் செலவில் அதைத் திருப்பிக் கொடுக்கிறார். டயர் தேய்ந்து புகை வரும்படி கிளம்புவதும், அடுத்த சிக்னல் சிவப்பாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் அதை நோக்கிப் பாய்வதும்தான் உண்மையான ஊதாரித்தனம்.

எஞ்சினை அணைப்பது பற்றியும் இதே போலச் சற்றுப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அறிவுரை நல்லதுதான். பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் அதைப் பல காலமாகச் சொல்லிவருகிறது. டெல்லியில் 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை அணையுங்கள் என்று அரசே இயக்கம் நடத்தியது. பத்து வினாடிக்கு மேல் நிற்கப்போகிறோம் என்றால் அணைப்பதுதான் லாபம். பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் உள்ள எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடுதலாகச் செலவாகும் பெட்ரோல் மிகச் சொற்பம். சிவப்பு இரண்டு மூன்று நிமிடம் நீளும் இந்த ஊரில் இதைவிட எளிதான சேமிப்பு வேறு இல்லை. ஆனால் வரிசையின் நடுவிலோ கடைசியிலோ நிற்பவருக்கும் முதல் ஆளாக நிற்பவருக்கும் வேறுபாடு உண்டு. நடுவில் நிற்பவருக்கு முன்னால் உள்ள வண்டிகள் நகரத் தொடங்குவதே எச்சரிக்கை. செல்ஃப் எடுக்க அவருக்கு நேரம் இருக்கிறது. முதலில் நிற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் அணைத்துவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டாரானால், பின்னால் ஹார்ன் சத்தம் கேட்ட பிறகுதான் சாவியைத் தேடுவார். கால் அடியிலிருந்து லீவரை இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழைய ஆட்டோக்கள் இன்றும் சில ஓடுகின்றன. அதன் ஓட்டுநர் முதல் வரிசையில் வண்டியை அணைத்துவிட்டுப் பச்சை விழுந்த பின் குனிந்து ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, மூன்றாவதில் பிடித்துக் கிளம்புவதற்குள் பின்னால் நிற்பவர்களின் பொறுமை போய்விடும்.

முன்பு சிக்னலில் வினாடி எண்ணும் பலகை இருந்ததால் ஐந்து வினாடி இருக்கும்போதே ஸ்டார்ட் செய்துகொள்ள முடிந்தது. இப்போது வண்டிகளின் வரத்தைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல்கள் நகரின் பல சந்திப்புகளில் வந்துவிட்டன. இன்னும் எத்தனை வினாடி என்பதை அந்தக் கருவியே முன்கூட்டி முடிவு செய்திருக்காது என்பதால் அங்கே எண்ணும் பலகைக்கு வேலை இல்லை. எங்கள் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வரிசையில் நின்றால் உங்கள் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், குறுக்குச் சாலையின் ஓட்டத்தைப் பாருங்கள். அங்கே வண்டிகள் வேகம் குறையத் தொடங்கினால் உங்கள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஃபர்ஸ்ட் கியர் விழுந்திருக்க வேண்டும். பச்சை வந்த பின்னும் குறுக்கே எவரேனும் சிவப்பை மீறி வருகிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே நகர வேண்டும். தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் வசதியுள்ள கார்களை வாங்கியவர்கள் பலர், அது தொல்லை என்று ஏறியவுடனேயே பொத்தானை அழுத்தி அதை நிறுத்திவிடுகிறார்கள். கிளட்சை மிதித்த மறுகணமே எஞ்சின் பிடித்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டைப் போல முதல் வரிசைக்குப் பொருத்தமானது வேறொன்று இல்லை.

சரி, பெட்ரோலை எங்கேதான் மிச்சம் பிடிப்பது? நிற்கப் போகும்போது. ஓடும் வண்டியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு டன் காரைப் பிரேக் மிதித்து நிறுத்தும்போது, மறுபடி அதே வேகத்தைப் பிடிக்க ஏறத்தாழ 12 மில்லி பெட்ரோல் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் நான்கைந்து மில்லி போதும். ஆக, ஒவ்வொரு கடும் பிரேக்கும் ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டதற்குச் சமம். சிக்னலில் ஒரு நிமிடம் அணைத்து வைக்கும் ஒருவர், அந்தச் சிக்னலை நோக்கி 50-இல் வந்து ஸ்டாப் லைனில் பிரேக் அடித்தவராக இருந்தால், அணைத்ததால் கிடைத்ததை முன்பே தொலைத்துவிட்டார். இருநூறு மீட்டர் முன்பே சிவப்பைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரை அப்படியே விட்டுவிட்டால் வண்டி தானே வேகம் குறைந்து வந்து சேரும். பல வேளைகளில் வந்து சேரும்போது பச்சையே விழுந்திருக்கும், நிற்கவே தேவையிருக்காது.

கியரை அப்படியே விட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் தங்கள் குறிப்பு இங்கேதான் சறுக்குகிறது. கணினி இல்லாத பழைய கார்புரேட்டர் எஞ்சின்களின் காலத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்பது ஓரளவு உண்மை. இன்ஜெக்டர் உள்ள எஞ்சினில் நிலைமை தலைகீழ். வண்டி கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டு, சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும்போது, அதன் கணினி பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. அந்தச் சில வினாடிகளில் செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோலைத் தொடர்ந்து ஊற்ற வேண்டியிருக்கிறது. கார்களில் இந்த மாற்றம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன; வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து பைக்குகளும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் இன்ஜெக்டருக்கு மாறிவிட்டன. ஆயினும் டிரினிட்டி சர்க்கிளிலிருந்து அல்சூர் நோக்கி இறங்கும் சரிவில் நின்று பார்த்தால், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கும் ஆட்டோக்களையும், நியூட்ரலில் விட்டுக் கை கட்டிக்கொள்ளாத குறையாக இறங்கும் கார்களையும் இன்றும் காணலாம். காரில் எஞ்சினை அணைத்தால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் இரண்டொரு மிதிப்புக்குப் பிறகு கைவிட்டுவிடும். பவர் ஸ்டியரிங் கனத்துப்போகும். சாவியை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். மேம்பால இறக்கத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு சிக்னலோ பேருந்து நிறுத்தமோ இருக்கிறது என்பதை நினைத்தால், அங்கே இந்த விளையாட்டு கூடவே கூடாது.

காலை எடுத்துவிட்டு உருண்டு வருபவர்மீது பின்னால் வருபவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. ஹார்ன் அடிப்பார்கள், முந்திக்கொண்டு போவார்கள், பிறகு அதே சிவப்பில் நமக்கு ஒரு வண்டி முன்னால் நிற்பார்கள். அவர்களுக்கு எந்த லாபமும் இல்லை என்பதால் அந்த ஹார்னுக்குப் பயப்படத் தேவையில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: சிக்னலுக்குக் காத்திராமல் இடப்பக்கம் திரும்பும் ஃப்ரீ லெஃப்ட் இருக்கும் சந்திப்பில், இடது தடத்தை அடைத்துக்கொண்டு உருண்டு வருவது திரும்ப வேண்டியவர்களைக் காரணமின்றி நிறுத்திவைக்கும். வலப்பக்கம் திரும்புவதற்கென்று தனித்தடம் இருக்கும் இடத்திலும் அப்படியே. அங்கெல்லாம் நேராகப் போகிறவர் தன் தடத்தில் இருந்துகொண்டு சிக்கனம் காட்டட்டும்.

சிக்னலே இல்லாத நீண்ட சாலைகளில் கதை வேறு. சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வரையிலான வெளிவட்டச் சாலையிலும், 2010-இல் திறக்கப்பட்ட எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலையிலும் விபத்தும் இல்லாமல், பழுதான வண்டியும் இல்லாமல், ஓட்டம் திடீரென்று நின்று, சற்று நேரம் கழித்துக் காரணம் தெரியாமலே மறுபடி நகர்வதை எல்லாரும் அனுபவித்திருக்கிறார்கள். ஜப்பானில் சுகியாமா தலைமையிலான ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டு, எல்லாரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் செல்லுங்கள் என்று சொல்லிப் பார்த்ததை 2008-இல் வெளியிட்டனர். சிறிது நேரத்திலேயே ஒருவர் சற்று வேகத்தைக் குறைக்க, அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் சற்று அதிகமாகப் பிரேக் மிதிக்க, கடைசியில் சில கார்கள் முற்றிலும் நின்றேவிட்டன. அந்த நிற்றல் ஓர் அலையாக மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. இதன் மறுபக்கத்தை அமெரிக்காவின் அரிசோனாவில் வேறு ஆய்வாளர்கள் சோதித்தனர். அதே போன்ற வட்டத்தில் ஒரே ஒரு காரை மட்டும், முன்னால் உள்ள வண்டி பாய்ந்தாலும் பதறாமல் சராசரி வேகத்தில் செல்லும்படி தானியங்கிக் கருவியால் இயக்கினார்கள். அலை அடங்கியது, எல்லாக் கார்களுக்கும் சேர்த்து எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது என்று 2018-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு கூறுகிறது. இருபது பேரில் ஒருவர் ஒழுங்காக ஓட்டினால் மற்றப் பத்தொன்பது பேருக்கும் மிச்சம் என்பது எனக்கு இன்றுவரை வியப்பாகவே இருக்கிறது.

வெளிவட்டச் சாலையில் இதைச் செய்ய எந்தக் கருவியும் வேண்டாம். முன்னால் போகும் வண்டிக்கும் தமக்கும் இடையே இரண்டு வினாடி இடைவெளி விட்டு, அது பாயும்போதெல்லாம் தாமும் பாயாமல் இருந்தால் போதும். இரண்டு வினாடிதான், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு வினாடிக்கு ஒரு கார் என்றால் ஒரு தடத்தில் மணிக்கு 1,800 கார்கள் போகும். பயந்துகொண்டு நான்கு வினாடி விட்டால் 900 கார்கள்தான். "இடைவெளி விட்டால் பைக்காரன் நுழைந்துவிடுகிறானே" என்பது என் மாணவர்களின் நிரந்தரப் புலம்பல். நுழையட்டும். நகரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வண்டிகள். அவர்கள் நுழைவதைத் தடுக்க முட்டிக்கொண்டு ஓட்டுபவர், நுழைந்த பிறகும் பிரேக் அடிக்கத்தான் போகிறார். நுழைந்த பைக் ஒரு நிமிடத்தில் அடுத்த சந்தில் மறைந்துவிடும். அடித்த பிரேக்கின் அலை அவருக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் போகும்.

45 முதல் 55 என்ற வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது எஞ்சினுக்கு உகந்த வேகம் என்பது சரி. ஆனால் நகரங்களின் போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 வினாடி ஆகிறது; அதாவது மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர்கூட இல்லை. காலை வேளையில் அந்த 50-ஐத் தேடிப் பிடிக்க முயல்பவர் இரண்டு சிக்னல்களுக்கு இடையே பாய்ந்து பாய்ந்து பிரேக் மிதிப்பவராகத்தான் முடிவார். இந்த ஊரில் 35-இல் விடாமல் உருள்பவரே சிக்கனக்காரர். டயர் காற்று, தேவையற்ற சுமை ஆகியவை பற்றித் தாங்கள் எழுதியவை அனைத்தும் சரி. அவை யாரையும் வழிமறிப்பதில்லை.

ஒருவர் எப்படிக் கிளம்புகிறார், எப்படி நிற்கிறார் என்பதைப் பல ஆண்டுகளாக அளந்துவருபவர்கள் போக்குவரத்துக் கழகங்கள்தாம். டிப்போவில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கே.எம்.பி.எல். கணக்கு உண்டு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தார் என்பதை வைத்து ஓட்டுநர்களைப் பாராட்டுவதும் உண்டு. அனுபவமுள்ள பேருந்து ஓட்டுநர் ஒருவர் நிறுத்தத்தை நெருங்கும் விதத்தைப் பார்த்தால் நான் மேலே எழுதியது அனைத்தும் அவர் காலில் இருப்பது தெரியும்: வெகு முன்பே காலை எடுப்பார், கியர் இறக்கிக்கொண்டே வருவார், கிளம்பும்போது தயங்கமாட்டார். இடத்துக்குத் தக்க சிக்கனம் அது. அவரே நிறுத்தத்தில் ஓரம் கட்டாமல் நடுத்தடத்தில் நிறுத்திவிடுகிறார் என்ற குறையும் எனக்கு உண்டு. ஆனால் நிறுத்தத்தின் ஓரத்தை ஆட்டோக்களும் பார்க்கிங் கார்களும் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

மின்சார ஆட்டோவும் ஸ்கூட்டரும் நாளுக்கு நாள் பெருகிவரும் இந்த வேளையில், அவற்றை ஓட்டுபவர்கள் சிலர் பெட்ரோல் காலத்துப் பழக்கத்தையே கொண்டுசெல்வதையும் காண்கிறேன். நின்ற இடத்தில் அந்த மோட்டார் எதையும் குடிப்பதில்லை. சிக்னலில் அணைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வேகம் குறையும்போது ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும் வசதியும் பல வண்டிகளில் இருக்கிறது. ஆகவே பச்சை விழுந்ததும் முதலில் நகர வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

ஓட்டுபவர்களை மட்டுமே குறை சொல்லி இக்கடிதத்தை முடிப்பது நியாயமாகாது. எவ்வளவு பொறுப்பாக ஓட்டினாலும், தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் வேகத்தடைகள் அந்தச் சேமிப்பைத் தின்றுவிடுகின்றன. 40-இல் வரும் கார் 10-க்குக் குறைந்து மறுபடி 40-ஐப் பிடிக்க ஒவ்வொரு மேட்டுக்கும் ஏறத்தாழ ஏழு மில்லி கூடுதலாகச் செலவாகிறது. பேருந்துக்கும் லாரிக்கும் அது பல மடங்கு. வேகத்தடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் இந்தியச் சாலைப் பேராயம் தன் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டியில் 1988-இலேயே அளவு வகுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. அப்படி அமைந்த மேட்டை 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் கடக்கலாம். கடப்பவர் ஏறத்தாழ நின்றுபோக வேண்டியதில்லை. எங்கள் பகுதியின் உட்தெருக்களில் இருப்பவையோ ஒன்றரை அடி அகலத்தில் கரடுமுரடாகத் தார் கொட்டிக் குவித்தவை, வெள்ளைக் கோடு இல்லாதவை. இரவில் அவை இருப்பது வண்டியின் அடிப்பகுதி தட்டும்போதுதான் தெரிகிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். நியூட்ரல் பற்றிய குறிப்பைத் திருத்தி ஒரு சிறு அறிவிப்பு வெளியிடுங்கள். அதைப் படித்துவிட்டு இறக்கத்தில் எஞ்சினை அணைப்பவர் ஒருவராவது இருக்கக்கூடும். மற்றொன்று, அளவு மீறிய வேகத்தடைகளின் பட்டியலைத் தெருப் பெயர், அடையாளம், அளவு ஆகியவற்றோடு வாசகர்களிடமிருந்து பெற்றுப் பகுதிவாரியாக வெளியிட்டு, உரிய மாநகராட்சியின் பார்வைக்குக் கொண்டுசெல்லுங்கள். அளப்பதற்கு டேப் ஒன்று போதும். அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையம் பகுதிகளுக்கான பட்டியலை எங்கள் பள்ளியின் பயிற்சியாளர்கள் அளந்து எழுதித் தருகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் வாசகர்,
அல்சூர், பெங்களூரு – 560 008